லொள்... லொள்... க்ளிக்!

மே மாதத்தில் ஊட்டிக்குப் போகிறவர்கள் இரண்டு ரகம். தேனிலவுக்குப் போகிறவர்கள் முதல் ரகம். கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்து மனைவி, மக்கள், மாமியார் சகிதம் வேன் பிடித்துப் போகிறவர்கள் இரண்டாவது ரகம். இந்த இரண்டிலும் சேராமல், தோளில் காமிராப் பையும் சட்டைப் பாக்கெட்டில் பிஸ்கட்டுமாக அடியேன் போய் இறங்கியது... நாய்களைப் படம் பிடிக்க!

"நாயைப் படம் பிடிக்க ஊட்டிக்கு எதுக்குப்பா போகணும்? நம்ம தெருவுலயே பதினாலு இருக்கே... தெனம் ராத்திரி செகண்ட் ஷோ விட்டா என்னை வீடு வரைக்கும் கொண்டுவந்து விடுதே!" என்றார் எதிர்வீட்டு ஆடிட்டர்.

நியாயமான கேள்விதான். ஆனால் நம் தெரு நாய்க்கு ஓனர் கிடையாது. எனக்கு வேண்டியது நாயும் ஓனரும் சேர்ந்திருக்கும் படம். கழுத்துப் பட்டையில் தொடங்குகிற கயிறு ஏதோ ஒரு கையில் போய் முடிகிறதே, அந்த இரண்டு முனையும் ஒரே படத்துக்குள் விழ வேண்டும். அதற்கு நாய்க் கண்காட்சியை விட்டால் வேறு போக்கிடம் ஏது?

மேட்டுப்பாளையத்தில் அரசு பஸ் பிடித்தேன். 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வெளியூர் வண்டிகள் இ-பாஸ் வாங்கித்தான் மலையேற வேண்டும் என்று ஹைகோர்ட் உத்தரவு. சோதனைச் சாவடியில் கார்க்காரர்கள் செல்போனை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்க, பஸ் பாட்டுக்கு உறுமிக்கொண்டு மேலே போனது. பஸ் பிரயாணிக்கு இ-பாஸ் கிடையாது. 'கார் இல்லாதவனுக்கும் ஒரு காலம் வரும்டா' என்று அம்மா அடிக்கடி சொல்வாள். வந்துவிட்டது!

குன்னூர் மலைப் பாதையில் எங்களுக்கு முன்னால் ஒரு கார். அதன் பின் ஜன்னலில் ஒரு கிரேட் டேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் எங்கள் பஸ்ஸுக்குள் யாராவது ஒருவர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்து கண்ணை மூடிக்கொள்ள, அந்த நாயோ சுற்றுப்பயணம் வந்த ஜமீன்தார் மாதிரி காதுகள் காற்றில் பறக்க, தேயிலைத் தோட்டங்களைப் பார்வையிட்டுக்கொண்டே வந்தது. வாந்தி இல்லை, புகார் இல்லை. முதல் படம் அங்கேயே எடுத்திருக்கலாம். என் மடியில் யார் வீட்டுக் குழந்தையோ தூங்கிக்கொண்டிருந்தது.

ஊட்டியில் நாய்க் கண்காட்சி நடப்பது அரசு கலைக் கல்லூரி மைதானத்தில். நடத்துவது தென்னிந்திய கென்னல் கிளப். வழக்கமாக மே மாத சீசனில்தான். மலர்க் கண்காட்சி, ரோஜாக் கண்காட்சி, குன்னூரில் பழக் கண்காட்சி என்று இருக்கிற பட்டியலில், பார்வையாளரைத் திருப்பிப் பார்த்துக் குரைக்கிற ஒரே கண்காட்சி இது.

இடமும் லேசுப்பட்ட இடமில்லை. கோயமுத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1822-ல் கட்டத் தொடங்கிய ஊட்டியின் முதல் பங்களா, ஸ்டோன் ஹவுஸ் என்கிற 'கல் பங்களா', இந்தக் கல்லூரி வளாகத்தில்தான் இருக்கிறது. குளிரைத் தேடி வந்த வெள்ளைக்காரன் உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் வகையறாக்களோடு தன் நாய் ஆசையையும் மலைக்கு மேலே ஏற்றிவிட்டான். இங்கிலாந்தில் முதன்முதலாக முறைப்படி நடந்த நாய்க் கண்காட்சி 1859-ல், நியூகாஸில் ஊரில். வேட்டை நாய்களுக்கு மட்டும்தான் அனுமதி. பரிசு என்ன தெரியுமோ? துப்பாக்கி! இப்போது ரிப்பனும் கோப்பையும் தருகிறார்கள். தோற்ற ஓனர்கள் ஜட்ஜைப் பார்த்த பார்வையை நேரில் கண்டவன் என்ற முறையில் சொல்கிறேன், பரிசை மாற்றியது ரொம்ப நல்ல காரியம்.

போட்டோ பிடிக்கிறவனுக்கு ஊட்டியில் இன்னொரு ஞாபகமும் வரும். கூடலூர் ரோட்டில் இந்து நகர். ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். 1960-ல் ஆரம்பித்த மத்திய அரசு கம்பெனி. 1967-ல் இருந்து ஃபிலிம் வந்தது. நம்மில் எத்தனையோ பேருடைய அப்பா, அம்மா கல்யாணப் படம் அந்த 'இந்து' ஃபிலிமில் எடுத்ததாகத்தான் இருக்கும். கலர் வந்து, டிஜிட்டல் வந்து, இன்றைக்கு அந்தத் தொழிற்சாலை மூடிக் கிடக்கிறது. நாய்க் கண்காட்சியில் ஒரே நாளில் நான் அறுநூறு படம் எடுத்தேன். ஃபிலிம் காலமாக இருந்தால் பதினாறு ரோல் தாண்டியிருக்கும். ஊருக்குத் திரும்பக் காமிராவை விற்றுத்தான் டிக்கெட் எடுத்திருக்க வேண்டும்.

சரி, நாய்க்கு வருவோம்.

நாயைப் படம் பிடிப்பதில் முதல் பாடம், மானம் பார்க்கக் கூடாது. நின்றபடி எடுத்தால் முதுகும் மண்டையும்தான் விழும். நாயின் கண் மட்டத்துக்குக் காமிரா இறங்க வேண்டும். இறங்க வேண்டும் என்றால் ஈரப் புல்லில் குப்புறப் படுக்க வேண்டும். அந்த மைதானத்தின் புல்லில் காலையிலிருந்து எத்தனை நாய்கள் என்னென்ன செய்திருந்தன என்ற ஆராய்ச்சிக்குள் இறங்காமல் படுக்க வேண்டும்.

இரண்டாவது, நிறம். காமிராவுக்குள் வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் இருக்கிறதே, அது உலகமே சாம்பல் நிறம் என்று நம்புகிற ஜென்மம். கறுப்பு லாப்ரடாரைக் காட்டினால் 'ஐயோ, வெளிச்சம் போதவில்லை' என்று பதறி, சாம்பலாக்கித் தரும். வெள்ளை நாயைக் காட்டினால் 'அடேயப்பா, கண் கூசுகிறது' என்று நாலு நாள் தோய்க்காத வேட்டி மாதிரி ஆக்கிவிடும். கறுப்புக்கு ஒரு படி குறைத்து, வெள்ளைக்கு ஒரு படி கூட்டி வைத்தால்தான் நாய் அதன் நிறத்தில் வரும்.

மூன்றாவது, பார்வை. கண் கொட்டாமல் உற்றுப் பார்த்தால் நாய்க்கு அது சண்டைக்கு அழைப்பு. லென்ஸ் என்பது அதன் கணக்கில் கொட்டாத ஒரு பெரிய கண். அதனால் எடுத்தவுடன் நீட்டக் கூடாது. பக்கவாட்டில் உட்கார்ந்து, பஞ்சாயத்து பேச வந்தவன் மாதிரி வேறு எங்கோ பார்த்து, அது முகர்ந்து முடித்த பிறகு மெள்ளத் திருப்ப வேண்டும். அமெரிக்காவில் எலியட் எர்விட் என்றொரு மகா போட்டோகிராபர் இருந்தார். 2023-ல் காலமானார். நாய்ப் படங்களுக்கே புகழ் பெற்றவர். நாய் திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் அவரே குரைப்பாராம். அவர் குரைத்தால் கலை. நான் குரைத்தால் ஊட்டி பி-1 ஸ்டேஷன். ஆகவே சேரிங் கிராஸ் கடையில் அமுக்கினால் 'கீச்' என்று கத்துகிற ரப்பர் பொம்மை ஒன்று வாங்கி வைத்திருந்தேன். 'கீச்' என்றதும் எந்த நாயும் காதைத் தூக்கி, தலையை ஒரு பக்கம் சாய்க்கும். அந்த அரை வினாடிதான் நமக்குச் சோறு போடுகிற அரை வினாடி.

நாயும் ஓனரும் ஒரே ஜாடையாக இருப்பார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. விளையாட்டுப் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். 2004-ல் அமெரிக்காவில், ஸான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்காரர்கள் இதைச் சோதித்தே பார்த்தார்கள். ஒரு ஓனர் படம், இரண்டு நாய்ப் படம். எது இவருடைய நாய் என்று முன்பின் தெரியாதவர்களிடம் கேட்டார்கள். அசல் ஜாதி நாய்கள் 25-ல் 16-ஐச் சரியாகச் சொல்லிவிட்டார்கள். கலப்பு நாய்களில் அந்த ஜம்பம் பலிக்கவில்லை. ஜாதி நாய் வாங்குகிறவர் தன்னை மாதிரி ஒன்றைத் தேடிப் பிடிக்கிறாரோ என்னவோ! அன்றைக்கு மைதானத்தில் தாடை தொங்கிய ஒருவர் தாடை தொங்கிய பாஸெட் ஹவுண்டோடு பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு பேரும் ஒரே திசையில், ஒரே அலுப்போடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டணம் வாங்காமல் எடுத்தேன்.

வளையத்துக்குள் நடப்பது இன்னும் அமர்க்களம். குட்டி நாயென்றால் மேஜை மேல் ஏற்றி, பெரிய நாயென்றால் தரையில் நிறுத்தி, ஜட்ஜ் பல்லைப் பார்ப்பார், நெஞ்சைத் தடவுவார், பின்னங்காலை அமுக்குவார். எல்.ஐ.சி. மெடிக்கல் தோற்றது! அப்புறம் ஓட விட்டுப் பார்ப்பார். ஒரு நாயை இன்னொரு நாயோடு ஒப்பிட்டு மார்க் போடுகிறார்கள் என்றுதான் நாம் நினைப்போம். உண்மையில் அந்தந்த ஜாதிக்கு இலக்கணம் எழுதி வைத்திருக்கிறார்கள். உயரம், தோள், வால், நடை, நிறம் எல்லாம் அதில் உண்டு. அந்தக் காகிதத்தில் இருக்கிற நாய்க்கு எது கிட்டே வருகிறதோ அதற்கே ரிப்பன். கல்யாண மார்க்கெட்டில் நாமெல்லாம் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டேன்.

ஆனால் நல்ல படம் வேண்டுமென்றால் அந்த நேரத்தில் நாயைப் பார்க்கக் கூடாது ஸார். கயிற்றுக்கு வெளியே பார்க்க வேண்டும். ஜட்ஜ் நாயின் வயிற்றைத் தொட, வெளியே நிற்கிற ஓனர் தன் தொப்பையை உள்ளே இழுக்கிறார். நாயின் பல்லைப் பார்க்க, ஓனரம்மா தன் வாயைத் திறக்கிறார். பரிட்சை ஹாலுக்கு வெளியே நிற்கிற பெற்றோர்களின் முகம், அப்படியே!

நாயோடு ஓடுகிறவர் பெரும்பாலும் ஓனர் அல்ல. அவர் 'ஹேண்ட்லர்'. ஊர் ஊராக, ஷோ ஷோவாகப் போய் மற்றவர் நாயை ஓட்டிக் காட்டுகிற தொழில். அநேகம் பேர் சின்னப் பையன்கள். கோட்டு, டை, காலில் மட்டும் ஓடுகிற ஷூ. கோட்டுப் பாக்கெட்டில் வேகவைத்த ஈரல் துண்டு. நாய் தலையைத் தூக்கி நிற்பது ஜட்ஜ் மேல் உள்ள மரியாதையால் அல்ல, அந்த ஈரலால்! "கல்யாணத்துக்கு எடுத்த கோட்டு ஸார். இனிமே வேற எந்தக் கல்யாணத்துக்கும் போட்டுக்கினு போக முடியாது" என்றார் ஒரு சென்னைப் பையன்.

மூன்றாவதாக ஓர் ஆளும் உண்டு. பணம் போட்டவர் ஓனர். ஓட்டிக் காட்டுகிறவர் ஹேண்ட்லர். தினமும் சோறு வைத்து, உண்ணி பொறுக்கி, ராத்திரி வயிறு சரியில்லை என்றால் கூடவே விழித்திருக்கிற ஓர் ஆள். பி.காம். படித்தவன் பாஷையில் சொன்னால் முதல் ஆள் மூலதனம், இரண்டாம் ஆள் சம்பளச் செலவு. மூன்றாம் ஆளை எழுத லெட்ஜரில் பக்கமே இல்லை. பரிசு வாங்குகிற போட்டோவிலும் இல்லை.

அன்று மத்தியானம் இந்திய இனங்களின் முறை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை... கேட்டாலே வெயில் அடிக்கிற பேர்கள். அந்த நாய்கள் ஊட்டிக் குளிரில் தோலைச் சிலிர்த்துக்கொண்டு நின்றன. 2005-ல் தபால் இலாகா இந்திய நாய் இனங்களுக்கு ஸ்டாம்ப் வெளியிட்டபோது அதில் ராஜபாளையத்துக்கும் ஓர் இடம் கிடைத்தது. பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. ஒரு ஆளை எஜமானாக வரித்துவிட்டால் அப்புறம் அசையாது என்று பேர் வாங்கிய ஜாதி.

அப்படி ஒரு ராஜபாளையம். ஓனர் கோயமுத்தூர்ப் பக்கம் மில் வைத்திருப்பவர். "தம்பி, நல்லா நாலு படம் புடிச்சுக் குடுங்க. ஹால்ல மாட்டோணும்" என்றார். நானும் புல்லில் படுத்து, ஒரு படி வெளிச்சம் கூட்டி, 'கீச்' என்று அமுக்கினேன். வளையத்தைச் சுற்றி நின்ற எட்டு நாய்கள் திரும்பின. ஒரு மாமியும் திரும்பினார். ராஜபாளையம் மட்டும் அசையவில்லை. மறுபடி அமுக்கினேன். ஊஹூம். அது எனக்கு இடது பக்கம், தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.

பார்வை போன வழியே போய்ப் பார்த்தால், கயிற்றுக்கு அப்பால் அறுபது வயசு மதிக்கத்தக்க ஒரு பெரியவர். வேட்டி, யாரோ கொடுத்த ஸ்வெட்டர், பளிச்சென்று மஞ்சள் மப்ளர்.

பிறகு டீக்கடையில் வர்க்கி வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தேன். அந்த நாயைக் குட்டியிலிருந்து வளர்த்தவர். அவருக்கும் சொந்த ஊர் ராஜபாளையம் பக்கம்தான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, அந்தப் பொம்மையை எத்தன தரம் அமுக்குனாலும் அது திரும்பாது. அதுக்குக் காது கேக்காது. பொறந்ததுல இருந்தே."

"ஓனருக்குத் தெரியுமா பெரியவரே?"

"தெரிஞ்சா வச்சிருப்பாகளா? வித்துருவாகள்ல! எல்லாம் கையிதான். இப்படிக் காட்டுனா நிக்கும், இப்படின்னா வரும். எம் மொகம் தெரிஞ்சாப் போதும், அதுக்குப் பயமில்ல. கூட்டத்துல என்னயக் கண்டுபிடிக்க இந்த மஞ்சத் துணிதான் தோது. செவப்புக் கட்டிப் பாத்தேன், தெகச்சுப் போயிருது."

நாய்க்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது, மஞ்சளும் நீலமும்தான் எடுப்பாகத் தெரியும் என்று விஞ்ஞானிகள் ஆராய்ச்சி செய்து சொன்னதை, அவர் துணியை மாற்றி மாற்றிக் கட்டியே கண்டுபிடித்திருக்கிறார்.

இதில் அந்த நாயின் மேல் குற்றம் ஒன்றும் இல்லை. தோலுக்கு நிறம் தருகிற செல்கள் உள்காதிலும் இருக்க வேண்டும். அவை இல்லாவிட்டால், குட்டி பிறந்த சில வாரங்களில் கேட்கும் சக்தி அவிந்துபோகும். டால்மேஷன் நாய்களிலும் இதே கதை. சுத்த வெள்ளை வேண்டும், சுத்த வெள்ளை வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்ததில், ராஜபாளையத்துக்குட்டிகளில் சில செவிடாகிவிடுகின்றன. எந்த வெள்ளையைப் பார்த்துக் கூட்டம் 'ஆஹா' என்கிறதோ, அந்த வெள்ளை கேட்கிற விலை அது. போட்டோவில் வெள்ளை தெரியும். விலை தெரியாது.

"குட்டி போட விட்டா அதுகளுக்கும் வரலாமே, அய்யா. சொல்லிடறதுதானே நல்லது?" என்றேன்.

பெரியவர் வர்க்கியை டீயில் முக்கியவர் எடுக்கவே இல்லை. "சொல்லணும்... இந்த ஷோ முடியட்டும்னு இருக்கேன்" என்றார். வர்க்கி ஊறி டம்ளருக்குள் விழுந்தது.

வளையத்தில் அந்த நாய் அழகாகத்தான் ஓடியது. வெளியில் நின்று நாயின் கவனத்தை இழுப்பது ஷோக்களில் கூடாத காரியம். பெரியவர் கையைக் காலை அசைக்கவில்லை. கும்பிட்டுவிட்டு நிற்கிறவர் மாதிரி சும்மா நின்றார். மஞ்சள் மப்ளர் மட்டும் தெரிந்தது. இரண்டாம் பரிசு.

பரிசுப் படம் எடுக்க வேண்டும். ஓனர் கோட்டு போட்டுத் தயார். ஓனரம்மா பட்டுப்புடவை மேல் சால்வையைச் சரிசெய்தார். ஹேண்ட்லர் பையன் தலை வாரிக்கொண்டான். நாய் எங்கேயோ பார்த்தது. "இங்க பாரு கண்ணு... இங்க!" என்று ஓனரம்மா கைதட்டினார். நாய்க்கு என்ன தெரியும்?

நான் பெரியவரைக் கூப்பிட்டு, "அய்யா, எனக்கு முதுகுப் பக்கம் உட்காருங்க. என் தோளுக்கு மேல உங்க முகம் தெரியணும்" என்றேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புல்லில் உட்கார்ந்தார். அவ்வளவுதான்! நாயின் காதுகள் பின்னால் படிந்தன, கண் இளகியது, வால் ஒரு தரம் தரையைத் தட்டியது. நேராக லென்ஸுக்குள் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. க்ளிக்... க்ளிக்... க்ளிக். அறுநூறு படத்தில் உருப்படியான மூன்று அவைதான்.

"அட்றா சக்கை! எப்படிங்க தம்பி பார்க்க வெச்சீங்க?" என்றார் ஓனர்.

"தொழில் ரகசியம் ஸார்" என்றேன். பெரியவர் எழுந்து புல்லைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

படங்களை அனுப்பிப் பத்து நாள் கழித்து ஓனரிடமிருந்து போன்.

"தம்பி, படம் ரொம்ப நல்லா வந்திருக்குதுங்க. ஒண்ணு சொல்லோணும். பெரியவரைப் பின்னால உக்கார வெச்சீங்க பாருங்க... உங்களுக்கும் சமாசாரம் தெரிஞ்சு போச்சுன்னு அப்பவே புரிஞ்சுக்கிட்டேனுங்க."

"என்ன ஸார் சமாசாரம்?" என்றேன் பட்டும் படாமலும்.

"காதுதானுங்க. ரெண்டு வருசமா எனக்குத் தெரியும். தீபாவளிக்குத் தெருவே அதிருது. பக்கத்து ஊட்டு நாயி கட்டிலுக்கு அடியில பூந்துக்கிச்சு. இது வாசப்படியில குறட்டை விட்டுத் தூங்குதுங்க! மக்யா நாளு டாக்டருகிட்டக் கொண்டுபோனேன். ஜோடி சேர்க்க வேண்டாம்னுட்டாரு, நானும் சேர்க்கலை. ஆனா பெரியவருகிட்டக் கேக்கலீங்க. எனக்குத் தெரியக்கூடாதுன்னு அந்த மனுசன் படற பாட்டைப் பார்த்தா... எப்படிங்க கேக்கறது? ஷோவுக்குக் கூட்டிட்டுப் போலாம்னு ஆசைப்பட்டதே அவருதான்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே தொடர்ந்தார்.

"நீங்க ஒண்ணும் சொல்லிக்க வேண்டாம். அவரா சொல்லட்டும். அந்த மூணாவது படத்தைப் பெரிசாப் போட்டு ஃபிரேம் பண்ணி அனுப்பிச்சு விடுங்க. ரெண்டு காப்பிங்க. ஒண்ணு அவரு ரூமுக்கு."

"சரி ஸார்."

"ரெண்டா எடுத்துக்கறமுங்க... ரேட்டுல கொஞ்சம் கொறைப்பீங்கல்ல?"